சிறுவாடு – 17: சொம்பில் விழுந்த முறை

ஆரணியில் மாதச் சம்பளம் என்பது தாலுகா ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்தவர்களின் பேச்சு. தறியில் உட்கார்ந்தவருக்குக் காலண்டரே வேறு. பாவு புணைத்து, ஊடை ஓட்டி, முந்தி முடித்து, சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போனால்தான் கூலி. அங்கேயும் முழுசாகக் கைக்கு வராது. வாங்கிய முன்பணத்தில் ஒரு பகுதி கழியும், சரிகைக் கணக்கு, பட்டுக் கணக்கு பார்ப்பார்கள், நெசவில் குறை இருந்தால் அதற்கும் ஒரு பிடித்தம். மிச்சம்தான் வீட்டுக்கு. ஐப்பசி மழையில் குழித்தறிப் பள்ளத்தில் ஈரம் ஊறினால் வேலை நின்றுவிடும். ஆடியில் வியாபாரம் படுத்தால் அடுத்த பாவு எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முன்பணம் என்ற கட்டு எப்படிப் போடப்பட்டது என்று சென்ற இதழில் பார்த்தோம். அந்தக் கட்டுக்குள் இருந்துகொண்டே தேவிகாபுரத்திலும் முள்ளிப்பட்டிலும் சேவூரிலும் நெசவுக் குடும்பங்கள் எப்படிக் காசு சேர்த்தன என்பது இந்த இதழின் கேள்வி. கூலி வருகிற நாள் நிச்சயமில்லை, வந்தால் எவ்வளவு என்பதும் நிச்சயமில்லை. இப்படிப்பட்ட வருமானத்தை வைத்துக்கொண்டு மாதா மாதம் ஒரே தொகை கட்டுவதற்குச் சுயக்கட்டுப்பாடு மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்க வேண்டும். அல்லது ஏதோ ஒரு ஆசை இழுக்க வேண்டும். குலுக்குச் சீட்டில் இரண்டும் இருந்தன.

அதன் நடைமுறை தெருவுக்குத் தெரு கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். இருபது பேர் சேர்வார்கள். பெரும்பாலும் பெண்கள், தார் சுற்றுகிறவர்கள், கணவரோடு தறியில் கைகொடுக்கிறவர்கள், ஒருவர் இருவர் இட்லிக் கடை வைத்திருப்பவர்கள். ஒருத்தி சீட்டுப் பிடிப்பாள். முதல் மாதப் பணம் அவளுக்கு. பொறுப்புக்கு அதுதான் கூலி. அடுத்த மாதத்திலிருந்து பேர் எழுதிய காகிதங்களைச் சுருட்டிப் பித்தளைச் சொம்பில் போட்டு, வாசலில் விளையாடும் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பெயருக்கு அந்த மாதப் பணம் மொத்தமும். பெண்ணுக்குச் சீர் செய்ய வேண்டியவள், "அக்கா, இந்த மாசம் எனக்கு விட்டுக் குடுக்கா, உன் முறை வரும்போது நான் விட்டுத் தரேன்" என்று கேட்டு மாற்றிக்கொள்வதும் உண்டு. எடுத்தவள் கடைசி மாதம் வரை கட்டியே ஆக வேண்டும். கட்டாமல் தெருவில் நடமாட முடியாது.

இதில் குலுக்கல் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். யாருக்கும் அது கூடுதலாக ஒரு காசு தருவதில்லை. யாருடைய காசையும் பிடுங்குவதுமில்லை. யார் முதலில், யார் பிறகு என்பதை மட்டும் தீர்க்கிறது. முதலில் எடுத்தவளுக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுத்தவளுக்கு அது வட்டியில்லாச் சேமிப்பு. அந்த ஏற்றத்தாழ்வை அடுத்த சுற்று சரி செய்துவிடும் என்ற நம்பிக்கையில் சொம்பு மறுபடி வைக்கப்படும்.

இந்த நுணுக்கத்தை ஒரு நீதிமன்றம் 160 ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துப் பார்த்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 1862 ஆகஸ்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே ஒரு சீட்டு வழக்கு: காமாட்சி ஆசாரி எதிர் அப்பாவு பிள்ளை. இருபது பேர் சேர்ந்து மாதம் 10 ரூபாய் வீதம் தலைக்கு 200 ரூபாய் கட்டுவது, ஒவ்வொரு மாதமும் சேர்கிற தொகையைக் குலுக்கலில் பெயர் வந்தவர் எடுத்துக்கொள்வது என்பது அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. கம்பெனி அரசு 1844-இல் கொண்டுவந்த ஐந்தாம் சட்டம், அரசு அனுமதி இல்லாத லாட்டரிகளைச் சட்ட விரோதம் என்று அறிவித்திருந்தது. குலுக்கல் இருப்பதால் இதுவும் லாட்டரிதானா? இல்லை என்றது நீதிமன்றம். எல்லோருக்கும் போட்ட பணம் திரும்ப வருகிறது, குலுக்கலில் தீர்வது முறை மட்டும்தான் என்பதே அதன் சாரம். இங்கிலாந்துச் சட்டம் படித்துவிட்டு வந்த நீதிபதிகள், நம்முடைய தெருத் திண்ணைக் கணக்கைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் 1863-இல் போட்ட அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை வியாபாரிகள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். முறையைக் குலுக்குவதில் சீட்டுப் பிடிப்பவருக்கு ஒரு மாதப் பணத்துக்கு மேல் லாபமில்லை. குலுக்கலில் பெயர் வந்தவர் அதற்குப் பிறகு கட்டவே வேண்டாம் என்று ஒரு விதியைச் சேர்த்துப் பாருங்கள். கூட்டம் இருபதிலிருந்து நூறாகும், ஐந்நூறாகும். ஒருவரை ஒருவர் தெரியாத கூட்டம். மாதம் முழுக்க அதே பேச்சு, "யாருக்கு விழுந்தது?" 1936-இல் அச்சான சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் சேஷ அய்யர் எதிர் கிருஷ்ண அய்யர் என்ற வழக்கு இருக்கிறது. இத்தகைய ஏற்பாட்டை முழு அமர்வு ஆராய்ந்து, இது லாட்டரிதான் என்று முடிவு கட்டியது. அனுமதியில்லாத லாட்டரி நடத்துவது 1870 முதல் தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவின்படி குற்றமாக இருந்தது. ஆக, விடுதலைக்கு முன்பே சென்னை மாகாணத்தில் இரண்டு குலுக்கலுக்கும் இடையே வேலி போட்டாயிற்று.

பிறகு வேலியைத் தாண்டியவர்களில் அரசாங்கமும் உண்டு.

அதற்கு முன்னோடி லண்டன். 1956 ஏப்ரலில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹெரால்டு மேக்மில்லன் தன் பட்ஜெட்டில் பிரீமியம் பாண்டை அறிவித்தார். ஒரு பவுன் போட்டால் ஒரு எண் கிடைக்கும். வட்டி கிடையாது. எல்லோருக்கும் சேர வேண்டிய வட்டி ஒரே குவியலாகச் சேர்க்கப்பட்டு, குலுக்கலில் வந்த எண்களுக்குப் பரிசாகப் போகும். போட்ட பவுனை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முதலீடு பத்திரமாக இருக்கும்போது இது எப்படிச் சூதாட்டமாகும் என்று அரசுத் தரப்பு கேட்டது. 1863-இல் சென்னையில் ஒலித்த வாதத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி இது. எதிர்க்கட்சியின் ஹெரால்டு வில்சன் இதை அழுக்குப் பிடித்த ராஃபிள் என்று ஏசினார். கேன்டர்பரி பேராயரும் கண்டித்தார். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி விற்பனை தொடங்கியது. 1957 ஜூன் 1-இல் 'எர்னி' என்று செல்லப் பெயர் வைத்த இயந்திரம் முதல் எண்களை உமிழ்ந்தது. போர்க்காலத்தில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க இயந்திரம் கட்டியவர்களின் கைவண்ணம் அது. அதிகபட்சப் பரிசு 1,000 பவுன். வில்சன் பிறகு பிரதமரானார், பாண்டு நிற்கவில்லை. இன்றும் நடக்கிறது.

நான்கே ஆண்டில் அது டெல்லிக்கு வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு வட்டியில்லாப் பரிசுப் பத்திரங்களை விற்றது. 5 ரூபாய்க்கு ஒன்று, 100 ரூபாய்க்கு ஒன்று. ஐந்தாண்டு கழித்து முதல் திரும்பும், இடையில் குலுக்கல்கள். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருடம். அரசுக்குப் பணத் தட்டுப்பாடு. 5 ரூபாய்ப் பத்திரம் யாரை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டது என்பதற்கு விளக்கம் வேண்டாம். 1963-இல் இதற்கு அடுத்த வடிவம் வந்தது. முதிர்வின்போது முதலோடு கொஞ்சம் கூடுதல் தொகையும் உண்டு என்று அதைத் திருத்தியிருந்தார்கள். வட்டியே இல்லாத பத்திரம் போதுமான அளவுக்கு இழுக்கவில்லை என்பது அந்தத் திருத்தத்திலேயே தெரிகிறது. அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். மது, சூது என்றால் முகம் சுளிக்கிற காந்தியவாதி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1967-இல் கேரளம் மாநில லாட்டரியைத் தொடங்கியது. 1968-இல் அண்ணாவின் அரசு தமிழ்நாடு பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற அவருடைய வாசகம் மேடைக்கு மேடை ஒலித்தது. எதுகையின் பலத்தில் ஒரு கொள்கை விளக்கமே அடங்கிவிட்டது. ஆனால் இங்கே ஒரு படி இறங்கிவிட்டோம். பரிசுப் பத்திரத்தில் முதல் திரும்பும். பரிசுச் சீட்டில் திரும்பாது, அது நாட்டுக்குப் போய்விடும். சேமிப்பு என்ற சாக்கே இல்லை. ஒரு ரூபாய்ச் சீட்டு, லட்சக் கனவு. ஆரணி பஸ் நிலையத்திலும் காந்தி ரோட்டிலும் சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து விற்ற காலம் அடுத்து வந்தது. 1975-இல் கருணாநிதி அரசு அதை நிறுத்தியது. பிறகு வேறு ஆட்சியில் மீண்டும் வந்து, வெளிமாநிலச் சீட்டுகளோடு பெருகி, கூலிக்காரர்களின் அன்றாடக் காசை உறிஞ்சி, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசின் தடையோடு முடிந்தது.

அரசே குலுக்கும்போது தனியார் சும்மா இருப்பார்களா? அறுபதுகளின் பின்பாதியிலும் எழுபதுகளிலும், மாதத் தவணை வாங்கிப் பரிசு குலுக்குகிற பரிசுச் சீட்டுக் கம்பெனிகள் நாடெங்கும் முளைத்தன. தமிழ்நாட்டில் ஏலச் சீட்டை ஒழுங்குபடுத்த 1961-இலேயே ஒரு சட்டம் இருந்தது. இவர்களோ ஏலச் சீட்டுக்காரர்கள் இல்லை. நிதி, பெனிஃபிட் ஃபண்ட், சேமிப்புத் திட்டம் என்று வெவ்வேறு பெயர்ப் பலகைகள். சைக்கிள், டிரான்சிஸ்டர், தையல் மிஷின், எவர்சில்வர் பாத்திரம், தங்கக் காசு என்று பரிசுகள். ஏஜெண்ட் வீடு தேடி வருவார், ரோஸ் நிற அட்டையில் மாதக் கட்டம் போட்டிருக்கும், கட்டியதற்கு ரப்பர் ஸ்டாம்ப்.

இந்த வியாபாரத்தின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நான் போடுகிற எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் சூத்திரம் நிஜம். 500 பேர். மாதம் 10 ரூபாய். 50 மாதம். ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குக் குலுக்கலில் 500 ரூபாய். பெயர் வந்தவர் அதோடு கட்ட வேண்டாம். ஐம்பது மாதமும் பெயர் வராத 450 பேருக்குக் கடைசியில் கட்டிய 500 ரூபாய் அப்படியே திரும்பும். யாருக்கும் நஷ்டமில்லை என்று ஏஜெண்ட் சத்தியம் செய்வார். பொய்யில்லை, அட்டையில் உள்ளபடி நடந்தால்.

முதல் மாதம் பரிசு வாங்கியவர் 10 ரூபாய் கட்டி 500 வாங்குகிறார், லாபம் 490. இரண்டாம் மாதத்துக்காரருக்கு 480. இப்படியே இறங்கி ஐம்பதாவது ஆளுக்கு லாபம் ஏதுமில்லை. ஐம்பது பேரின் லாபத்தையும் கூட்டினால் 12,250 ரூபாய். கம்பெனி கொடுத்த மொத்தப் பரிசு இதுதான். மறுபக்கம் பாருங்கள். மாதா மாதம் சேர்ந்து கம்பெனியின் கையில் கிடக்கிற பணம் முதல் மாத முடிவில் 4,500, பாதி வழியில் ஒரு லட்சத்தைத் தாண்டும், கடைசியில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். அதை ஒரு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கு, வெளியே விட்டால் ஐம்பது மாதத்தில் தனிவட்டியாகவே 53,000 ரூபாய்க்கு மேல் வரும். பரிசுக்குப் போன 12,250-ஐக் கழித்தால் ஏறத்தாழ 41,000 கம்பெனிக்கு. கடைத்தெருவில் ஓடியது இரண்டு வட்டி என்றால் லாபத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பரிசு யார் வீட்டுப் பணம் என்பது இப்போது தெரிகிறது. பெயர் வராத 450 பேரின் வட்டியில் நான்கில் ஒரு பங்கைக் கூட அது தொடவில்லை.

இவ்வளவும் நாணயமான கம்பெனியின் கணக்கு. நிஜத்தில் பெரிய வருமானம் வேறு இடத்தில் இருந்தது. தொடர்ந்து சில தவணை தவறினால் கட்டிய பணம் போய்விடும், அல்லது பெரும்பகுதி பிடித்துக்கொள்ளப்படும் என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு விதி இருக்கும். மாதச் சம்பளக்காரர் தவணை தவறுவது குறைவு. மழைக்காலத்தில் தறி நின்றுபோகிற ஊரில் தவணை தவறாமல் எத்தனை பேர் கட்ட முடியும்? தெருச் சீட்டில் என்றால் ஒருத்திக்குப் பாவு வரவில்லை என்பது மற்ற பத்தொன்பது பேருக்கும் தெரியும். "அடுத்த மாசம் சேத்துக் குடு" என்று பொறுத்துக்கொள்வார்கள். ரோஸ் அட்டைக்கு அந்தக் கண் கிடையாது. நெசவாளிக்கும் பரிசுச் சீட்டுக்கும் ஒத்துவராது என்று நான் நினைப்பதற்குச் சூதாட்டம் பாவம் என்பது காரணமில்லை. சீரற்ற வருமானம் உள்ளவரின் தவறும் தவணைதான் அந்த வியாபாரத்தின் விளைச்சல் நிலம்.

1974-இல் ரிசர்வ் வங்கி ஒரு ஆய்வுக் குழுவை அமைத்தது. யூனிட் டிரஸ்ட் தலைவராக இருந்த ஜேம்ஸ் ராஜ் அதற்குத் தலைமை. வங்கி அல்லாத நிறுவனங்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதை ஆராய்வது அதன் பணி. 1975-இல் வந்த அறிக்கை, வழக்கமான ஏலச் சீட்டையும் குலுக்குச் சீட்டையும் ஒரு பக்கம் வைத்தது, பரிசுச் சீட்டை மறுபக்கம் வைத்தது. பரிசுச் சீட்டால் பலன் பெறுவது நடத்துபவர்கள் மட்டுமே, சமூகத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, முழுசாகத் தடை செய்யுங்கள் என்றது. மேலே போட்ட கணக்கைத்தான் குழுவும் வேறு வேறு உருவத்தில் போட்டுப் பார்த்திருந்தது.

தடைச் சட்டம் 1978 டிசம்பர் 12-இல் வந்தது. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம். அப்போது பிரதமர் மொரார்ஜி தேசாய். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் 5 ரூபாய்ப் பரிசுப் பத்திரத்தை விற்றவரின் ஆட்சியே, தவணை கட்ட வைத்துப் பரிசு குலுக்குகிற தனியாரைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை நிறைவேற்றியது. இரட்டை வேடம் என்று நான் சொல்ல மாட்டேன். பரிசுப் பத்திரத்தில் முதல் பத்திரமாக இருந்தது. ஆனாலும் காந்தி ரோட்டுக் கம்பெனிக்காரர் அன்றைக்கு என்ன முனகியிருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. மூன்றாண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். நடந்துகொண்டிருந்தவற்றை மூடுவதற்கு இரண்டாண்டுக்கு மேற்படாத அவகாசம். குலுக்கலில் வென்றவர் மேற்கொண்டு கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி, தடை தடைதான் என்று சட்டம் ஓட்டையை முன்கூட்டியே அடைத்திருந்தது. 1936 தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடியவர்களுக்கு அது பதில். அதே சமயம், முறையை மட்டும் குலுக்குகிற பழைய சீட்டை 'வழக்கமான சீட்டு' என்று தனியாக வரையறுத்து விட்டுவிட்டது. ஆரணித் தெருவின் சொம்புக்கு டெல்லி சட்டத்தில் இடம் கிடைத்தது.

சட்டம் தொழில் உரிமையைப் பறிக்கிறது என்று ஸ்ரீனிவாசா எண்டர்பிரைசஸ் என்ற நிறுவனமும் பிறரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1980-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு சட்டம் செல்லும் என்றது. கட்டுப்பாடு போதாதா, தடைதான் வேண்டுமா என்பது நிறுவனங்களின் கேள்வி. ஏமாறுகிறவர்கள் ஏழைகளும் நடுத்தர மக்களும் என்பதால் அரசு கடுமையான வழியைத் தேர்ந்தது நியாயமே என்பது அவர் நிலை. அடுத்து கல்கத்தாவின் பீர்லெஸ் கம்பெனி வழக்கு. அங்கே குலுக்கலே கிடையாது, ஆகவே அது பரிசுச் சீட்டு ஆகாது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குலுக்கல் இல்லாமலும் தவறும் தவணையில் லாபம் பார்க்கலாம் என்பது அந்த வழக்கால் ஊருக்கே தெரிந்தது.

இப்போது 1975-க்கு ஒரு தடவை திரும்ப வேண்டும். ஜேம்ஸ் ராஜ் அறிக்கை வந்த ஆண்டு, தமிழ்நாடு பரிசுச் சீட்டு நின்ற ஆண்டு. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. சங்கத்தில் கூலி வாங்கும்போதே ரூபாய்க்கு இத்தனை காசு என்று பிடித்து நெசவாளர் பெயரில் வைப்பார்கள், அரசு தன் பங்கைப் போடும், வட்டியும் சேரும். ரூபாய்க்கு நெசவாளர் 8 காசு, அரசு 4 காசு என்பது இப்போதைய விகிதம். கணக்கை நெசவாளி கண்ணால் பாருங்கள். மாதத் தவணை கிடையாது. கூலி வந்தால் பிடித்தம், வராவிட்டால் இல்லை. மழையில் தறி நின்றால் அட்டை காலாவதி ஆகாது. போட்ட 8-க்கு உடனே 4 என்றால் பாதிக்குப் பாதி லாபம், அதுவும் ஒவ்வொரு உறுப்பினருக்கும், குலுக்காமலே. எந்தப் பரிசுச் சீட்டுக் கம்பெனியும் கனவிலும் தர முடியாத பரிசு.

ஆனாலும் தெருவில் யாரும் அதைப் பரபரப்பாகப் பேசியதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் எனக்குப் படுகின்றன. முதலாவது, அது சங்கத்து நெசவாளர்களுக்கு மட்டும். ஆரணி வட்டாரத்தில் தனியார் முதலாளிகளுக்கு நெய்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அந்த 4 காசு இல்லை. முன்பணக் கட்டில் இருப்பவர் சங்கத்துக்கு மாறுவது லேசான காரியமும் இல்லை. இரண்டாவது, அந்தப் பணம் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். பாவு முடிந்து சேலை அறுக்கிற நாளை எண்ணி வாழ்கிறவருக்கு ஓய்வுக்காலம் தூரத்து ஊர். அடுத்த குலுக்கலோ வருகிற வெள்ளிக்கிழமையே. சேமிப்பில் குலுக்கல் கலந்தவர்கள் எல்லோரும், மேக்மில்லன் முதல் ரோஸ் அட்டைக்காரர் வரை, இந்த இரண்டாவது காரணத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

நெசவாளி நெய்த சேலையை வாங்குகிறவருக்கும் சேமிப்புத் திட்டம் உண்டு. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் பல ஆண்டுகளாக ஒன்று நடத்துகிறது. பதினோரு மாதம் நீங்கள் கட்டினால் பன்னிரண்டாவது மாதத் தவணையை நிறுவனம் போடும். சேர்ந்த தொகைக்குத் தள்ளுபடி விலையில் துணி எடுத்துக்கொள்ளலாம். குலுக்கல் கிடையாது. நகைக்கடைச் சீட்டின் சாயல்தான், ஆனால் ஆரணிப் பட்டு வாங்க வரும் ஆசிரியைகளும் செவிலியர்களும் அதை விரும்பிக் கட்டுகிறார்கள்.

தடைச் சட்டத்துக்குப் பிறகு பரிசு வேறு வேடம் போட்டது. தீபாவளிச் சீட்டு, பொங்கல் சீட்டு. பன்னிரண்டு மாதம் கட்டு, பண்டிகைக்கு முன் பட்டாசு, இனிப்பு, வெள்ளிக் காசு, மளிகை மூட்டை எல்லாம் எல்லோருக்கும். இதில் குலுக்கலுக்கு வேலையில்லை. கட்டியதை விட அதிக மதிப்புக்குப் பொருள் தருகிறேன் என்ற வாக்குறுதியே இழுப்பு. சிறு கடைக்காரர் நாணயமாக நடத்திய இடங்கள் பல. கூட்டம் லட்சங்களில் பெருகினால் என்ன ஆகும் என்பதைத் திருவண்ணாமலை மாவட்டம் 2022-இல் பார்த்தது. ஆரணிக்குப் பக்கத்தில் செய்யாற்றில் தீபாவளிச் சீட்டுப் பிடித்தவர்கள் சொன்ன பொருளைத் தராததால் மக்கள் திரண்டு காவல் நிலையம் போனார்கள். அந்தக் கதைக்குத் தனி இதழ் வேண்டும்.

வெளியுலகில் இந்த விஷயம் வேறு திசையில் போனது. தென்னாப்பிரிக்காவில் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி 2005 ஜனவரியில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, கணக்கு வைத்தவர்களில் ஒருவருக்கு மாதா மாதம் பத்து லட்சம் ராண்ட் பரிசு குலுக்கியது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள். இது லாட்டரிச் சட்டத்தை மீறுகிறது என்று 2008-இல் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல, திட்டம் மூடப்பட்டது. அமெரிக்காவில் 2009-இல் மிச்சிகன் மாநிலக் கடன் சங்கங்கள் 25 டாலர் சேமிப்புக்கு ஒரு குலுக்கல் வாய்ப்பு என்று தொடங்கின. 2014 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமே வங்கிகளுக்கு அதற்கான தடையை நீக்கியது. இலங்கையில் வங்கிகள் சேமிப்புக் கணக்குக்குப் பரிசு குலுக்குவது சாதாரணம். கொழும்பில் போலவே யாழ்ப்பாணத்திலும் வங்கி வாசலில் அந்த விளம்பரப் பலகையைப் பார்க்கலாம்.

இங்கே? 1978 சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் படித்தால் வியப்பு வரும். தடையிலிருந்து மாநில அரசுகளுக்கு விலக்கு. ஸ்டேட் வங்கிக்கு, தேசிய வங்கிகளுக்கு, கிராம வங்கிகளுக்கு, கூட்டுறவு வங்கிகளுக்கும் விலக்கு. பரிசுச் சீட்டு நடத்துவது தவறு என்பதற்காக நாடாளுமன்றம் தடுக்கவில்லை, யார் நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்துத் தடுத்திருக்கிறது. அந்தக் கதவை அடைத்தது ரிசர்வ் வங்கி. டெபாசிட் திரட்டுவதற்குப் பரிசு, லாட்டரி, இலவசச் சுற்றுலா, அதிர்ஷ்டம் கலந்த வேறெந்த ஆசையும் காட்டக் கூடாது என்பது வங்கிகளுக்கு அது போட்ட உத்தரவு. 250 ரூபாய்க்கு மேற்படாத சிறு அன்பளிப்பு மட்டும் தரலாம். ஆரணியின் வங்கிக் கிளைகளில் டெபாசிட் போடுகிறவர் ஒரு டைரியோ பேனாவோ வாங்கிக்கொண்டு வரலாம். சைக்கிள் விழாது.

ஏலச் சீட்டில் மட்டும் குலுக்கல் சட்டப்படி இன்னும் ஒளிந்திருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் மத்திய சீட்டு நிதிச் சட்டப்படி, அனுமதித்த அதிகபட்சத் தள்ளுபடிக்கு ஒருவருக்கு மேல் கேட்டால் யாருக்குச் சீட்டு என்பதைக் குலுக்கித்தான் தீர்க்க வேண்டும். அந்தச் சட்டம் 1984 ஏப்ரல் 13-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, தெருவில் சீட்டுப் பிடித்தவர்களில் யார் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள், யார் போகவில்லை, போகாதவர்கள் எப்படித் தொடர்ந்து நடத்தினார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)